நட்சத்திரம் தெரிகிற பந்தல்

குற்றாலத்தில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கொச்சி யூதக் குடும்பம் ஒன்று இருக்கிறது. இன்று பொழுது சாய்ந்தால் அவர்களுக்குக் கூடாரப் பண்டிகை. கொச்சியில் என்றால் ஜெப ஆலயத்தில் தொழுதுவிட்டு, எல்லோரும் ஓலைப் பந்தலில்தான் சாப்பிடுவார்களாம். இங்கே முற்றத்தில் பந்தல் போட்ட மாடசாமி அண்ணாச்சி, கூரையை நெருக்கி வேய்ந்துவிட்டுப் பெருமையாக நிற்கிறார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஓலையை எடுக்கணும். உள்ளே இருந்தா நட்சத்திரம் காணணும், அதுதான் பண்டிகை விதி," என்கிறார் அந்த வீட்டுப் பெரியவர்.

"ஒழுகுமே மொதலாளி! ஊருல எம் பேரு என்னத்துக்கு ஆகும்?"

முனகிக்கொண்டே பிரிக்கிறார். இருட்டியதும் அண்ணாச்சியையும் என்னையும் பந்தலில் சாப்பிட உட்கார வைக்கிறார்கள். நாலு வாய் உள்ளே போவதற்குள் மழை. "மழைன்னா வீட்டுக்குள்ள போகலாம், அதுக்கும் விதி உண்டு!" என்று சிரித்தபடி குடும்பமே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நானும் ஓடுகிறேன்.

அண்ணாச்சி அசையவில்லை.

"நான் போட்ட பந்தல்ல இருந்து நானே எந்திச்சு ஓடவா?" என்று நனைந்த சோற்றைப் பிசைகிறார்.