பத்து மணி நிழல்

என் தம்பிக்கு வெயிலை அளக்கிற வேலை. கேட்டால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தவள்தான். சோலார் கம்பெனி ஒரு நிலத்தில் பணம் போடுவதற்கு முன்னால், அங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று வருஷம் முழுக்கப் பார்க்குமாம். காலையில் மீட்டரின் கண்ணாடிக் குமிழைத் துடைத்து, அது காட்டுவதை நோட்டில் எழுத வேண்டும். துடைக்கிற துணியை வேறு யாரும் தொடக் கூடாது, அவ்வளவு கறார்.

இந்தத் தடவை அளந்தது என் நிலத்தை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். தனியாளாக அந்த மண்ணோடு மல்லுக்கட்டி என் இடுப்பு ஒடிந்துவிட்டது. கம்பெனி குத்தகைக்கு எடுத்தால்தான் எனக்கு விடிவு.

ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு மீட்டர் இறங்கியது. பத்து நிமிஷம், பிறகு பழையபடி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கேள்வி வரக் கூடாதென்று இந்தப் புத்திசாலி தினமும் "மேகம்" என்று எழுதிவைத்தான். கம்பெனி இழுத்தது. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம், மேகம் விலகாவிட்டால் நிலம் வேண்டாம் என்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன்.

மறுநாள் மீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஓட்டமாக வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, நிழல் விழுது. தலையில துண்டு கட்டின ஆள் நிழல். ஆனா அங்க ஆளே இல்ல."

மீட்டரை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். வசதியாக இருந்ததென்று தட்டைப் பாறைமேல் வைத்தானாம். என் வீட்டுக்காரர் இருந்தபோது அந்தப் பாறையில்தான் நான் பத்து மணிக்குச் சாப்பிட உட்காருவேன். முடிக்கிறவரை அவர் தலையில் கட்டின துண்டோடு வெயிலை மறைத்துக்கொண்டு நிற்பார். உட்காரச் சொன்னாலும் கேட்க மாட்டார். அவர் போனபின் நான் அந்தப் பாறைப் பக்கமே போகவில்லை.

அடுத்த நாள் போனேன். பத்து மணிக்குக் குமிழ் இருண்டது. பாறைமேல் அதே நிழல். துண்டின் முடிச்சுகூடத் தெரிந்தது. நிழலைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் சாப்பிட்டாச்சுங்க. தள்ளிக்கோங்க."

நிழல் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு விலகியது.

அதன்பின் மீட்டர் ஒருநாளும் இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கம்பெனி என்னிடம் கையெழுத்து வாங்கியது. வேலி போடுவதற்கு முதல் நாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாறையில் உட்கார்ந்தேன். பத்து மணி ஆயிற்று, பத்தேகால் ஆயிற்று. வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.