நிற்கத் தெரியாத வண்டி

பழைய சொகுசுக் காருக்கு டிரைவராக இருப்பது பாதி வைத்தியன் வேலை, பாதி புது மருமகள் வேலை. நாடியும் பார்க்க வேண்டும், திட்டும் வாங்க வேண்டும். கிழட்டு வண்டி ஒன்றைக் கட்டி மேய்த்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நான் சொல்வதெல்லாம் சட்டென்று விளங்கிவிடும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

என் பெயர் காசிம். சேலத்தில் ஜட்கா ஓட்டிய குடும்பம். லாரி ஷெட்டில் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மிட்டாதாரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். மிட்டாதார் என்றால் சின்ன ஜமீன்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கார் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. பித்தளை விளக்குகள், மர ஆரக்கால் வைத்த சக்கரங்கள், பின் சீட்டிலிருந்து டிரைவர் காதுவரை ஒரு பேசும் குழாய். எஜமானுக்கும் டிரைவருக்கும் நடுவே இருக்க வேண்டிய கண்ணாடி நான் போவதற்கு முன்பே உடைந்துபோயிருந்தது. கையை நீட்டினால் என் தோளைத் தொட்டுவிடலாம். ஆனாலும் எஜமான் அந்தக் குழாயை எடுத்து வாயில் வைத்துத்தான், "காசிமு, போலாம்" என்பார்.

காது குத்து

எஜமானுக்கு ஒரே மகள், பாவாத்தா அம்மணி. குமாரபாளையத்தில், பவானிப் பாலத்துக்குப் போகிற பெரிய ரோட்டின் மேலேயே கட்டிக்கொடுத்திருந்தார். மகளுடைய மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவது வழக்கம். எஜமானுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அந்த மடி அவருடையது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். புதுப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பங்குனி வெயில். சங்ககிரி வருவதற்குள் சக்கரத்து மரம் வற்றிச் சுருங்கி, ஆரக்கால்கள் கடகடவென்று ஆட ஆரம்பித்துவிட்டன. வண்டியைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அதற்குள் வேறொரு சொந்தக்காரர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். குழந்தை அழுது ஓய்ந்து வெல்லம் தின்றுகொண்டிருந்தது.

எஜமான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டால் முதலில் நிற்பது தண்ணீர்தான்; ஒருவர் வீட்டுச் செம்பை மற்றவர் தொடமாட்டார். "இந்த ஊட்டுத் தண்ணி இனி என் தொண்டையில எறங்காது" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார். பாவாத்தா அம்மணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "காசிமு, வண்டியை எடு" என்றார் எஜமான். எடுப்பதற்கு வண்டி எங்கே இருக்கிறது? மாட்டு வண்டிக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னார்: "ஏனுங்க, இப்பத்தானுங்க மாட்டை அவுத்துத் தண்ணி காட்டுனேன்."

காவிரியில் ஒரு பிரயாணம்

வண்டி நின்றதால்தான் அப்பனும் மகளும் பிரிந்தார்கள். ஆகவே அந்த வண்டி இனிமேல் எந்த வழியிலும் நிற்கக்கூடாது என்று நான் எனக்குள்ளேயே சபதம் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன். முதல் வைத்தியம் சக்கரத்துக்கு. கோடையில் மாட்டு வண்டிக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், மரம் உப்பி இறுகிவிடும். மாட்டு வண்டிக்கு ஆவது சீமை வண்டிக்கு ஆகாதா? பள்ளிபாளையத்துத் துறையில் மணல் கெட்டியாக இருக்கிற இடமாகப் பார்த்து, காரையே காவிரிக்குள் இறக்கி நிறுத்தினேன். மதியம் நாலு ஆட்களோடு அரைச் சுற்று முன்னால் தள்ளினால் சக்கரத்தின் மேல் பாதியும் நனைந்துவிடும். அப்புறம் அச்சுக்குப் புது கிரீஸ் வைத்துக்கொள்ளலாம்.

எஜமானும் கூடவே வருவார். பின் சீட்டில் காலை மடித்து உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் வண்டிப் படிக்கட்டைத் தொட்டுக்கொண்டு போகும். எதிர்க்கரையில் ஈரோட்டுத் தென்னைகள் வெயிலில் அலை அலையாகத் தெரியும். பித்தளை விளக்கின் மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறு நின்றுவிடும், வண்டி போக ஆரம்பிக்கும். சத்தமில்லாமல், தூசியில்லாமல், எந்த ஊருக்கும் இல்லாமல் போகும். எனக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும். இவரும் இப்போது குமாரபாளையத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும். அப்படி ஒரு மத்தியானம், தூங்குகிறார் என்று நான் நினைத்த நேரத்தில், குழாயில் அவர் குரல் வந்தது: "கொஞ்சம் மெதுவாப் போ, காசிமு. அவசரமில்லை."

ஜமக்காளச் சீட்டு

அடுத்தது சீட்டு. தோல் வெடித்து உள்ளே இருந்த நார் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த மாதிரித் தோலுக்கு நான் எங்கே போக? பவானி ஜமக்காளத்தை வாங்கித் தைத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். குமாரபாளையத்து நெசவுக்காரர் செங்கோடனை வரவழைத்தோம். சிவப்பும் பச்சையும் கறுப்புமாகக் கோடு போட்ட ஜமக்காளத்தைப் போட்டுத் தைத்ததும் சீமைக் கார் கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. செங்கோடன் வீடு பாவாத்தா அம்மணி வீட்டுக்கு அடுத்த வீடு. ஊசியை ஓட்டிக்கொண்டே அவர் பாட்டுக்குப் பேசுவார்: சின்னம்மணி பாவாத்தா கொல்லையில் முருங்கை வைத்திருக்கிறது, பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, ஆடிக்குச் சின்னம்மணி யார் வீட்டுக்கும் போகவில்லை. எஜமான் முதுகைத் திருப்பிக்கொண்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஜமக்காளம் லேசில் கிழிகிற சாமான் இல்லை. ஆனால் எங்கள் வண்டியில் மட்டும் அது மாதத்துக்கு ஒரு தரம் கிழிந்தது. "செங்கோடனுக்கு ஆள் அனுப்பு" என்பார் எஜமான். பாக்கு வெட்டும் கத்தி அவர் இடுப்பிலேயே இருக்கும். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன், செங்கோடனால் அப்படி இருக்க முடியவில்லை. கிழிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "ஏனுங்க காசிமு, இது இத்துக் கிழிஞ்ச மாதிரித் தெரியலீங்களே, அறுத்துட்டுப் பாதியில மனசு வராம நிறுத்துன மாதிரியில்ல இருக்குது."

அடுப்பு கட்டிய கார்

உலகச் சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. கூப்பனைக் காட்டினால் வருகிற பெட்ரோல் வண்டிக்கு வாய் நனைக்கக்கூடப் போதாது. பஸ்களெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் புகையில் ஓட ஆரம்பித்திருந்தன. நானும் சேலத்து ஷெட்டில் ஒரு பெரிய டிரம்மை வெட்டி ஒட்டி, எங்கள் சீமைக் காரின் முதுகில் கட்டினேன். காலையில் புறப்பட வேண்டுமென்றால் விடியலிலேயே கரியைப் போட்டு, விசிறியைச் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும். புகை மெல்லக் கிளம்பிக் கொட்டகை முழுக்கப் படரும். அதற்குள் காரும் நானும் பாதி தெரிந்தும் தெரியாமலும் மிதந்துகொண்டிருப்போம்.

கரியில் மேடு ஏறாது என்றாலும் எஜமான் பவானிக்குப் போவதை நிறுத்தவில்லை. கூடுதுறையில் சாமி கும்பிட வேண்டும் என்பார். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் போனவர், இப்போது அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை எதையும் விடுவதில்லை. பவானிக்குப் போக வேண்டுமென்றால் குமாரபாளையத்துப் பெரிய ரோட்டைத் தாண்டித்தானே ஆக வேண்டும். மகள் வீடு வருகிறபோது நேராக என் பிடரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியம்மணி, அதாவது எஜமானின் சம்சாரம், ஒருநாள் வாசலில் நின்று புகைகிற வண்டியை மேலும் கீழும் பார்த்தார்கள். "அடுப்பைக் கட்டியாச்சு, கரியும் போட்டாச்சு. அரிசியும் எடுத்துட்டுப் போயிருங்க, அங்கத்த யார் ஊட்டுலயும் நமக்குச் சோறு கெடைக்கப்போறதில்லை."

மஞ்சள் வைத்தியம்

வண்டிக்கு மிச்சமிருந்த ஒரே வியாதி ரேடியேட்டர். பொத்துக்கொண்டு ஒழுகும். சங்ககிரியில் நிரப்பினால் குமாரபாளையத்தில் கொதிக்கும். அதனால் எப்போதும் ஒரு தகர டின்னில் தண்ணீர் கொண்டுபோவேன். ஒரு அமாவாசை முந்தின நாள் எஜமான் கொட்டகைக்கு வந்து, "அந்த டின்னை எறக்கி வெச்சுரு. காலுக்கு இடைஞ்சலா இருக்குது" என்றார். டின் இருந்தது என் காலடியில். அவர் காலுக்கு அது எப்படி இடைஞ்சல் என்று நான் யோசிக்கவில்லை. என் வேலை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டாமா? பெரியம்மணியிடம் இரண்டு கை மஞ்சள்தூள் வாங்கி ரேடியேட்டரில் கொட்டினேன். சூட்டில் அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான்.

மறுநாள் வண்டி ரசம் கொதிக்கிற வாசனையோடு ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. குமாரபாளையம் வந்தது. பாவாத்தா அம்மணி வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தது. வண்டியைக் கண்டதும் நிமிர்ந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டது. அதன் முகத்தில் ஒரு பிரகாசம். நான் பெருமையோடு ஹாரன் அடித்துக்கொண்டு, காற்று மாதிரி அந்த வீட்டைத் தாண்டிப் பாலத்தில் ஏறினேன். கீழே காவிரி பளபளத்தது. பாலத்தின் நடுவில் எஜமான் குழாயை எடுத்துக் கேட்டார்: "ஏனப்பா, இந்த வண்டி இனி நிக்கவே நிக்காதா?"

கொதிப்பு அடங்கும்வரை

"நிக்காதுங்க எஜமான்" என்று நான் சொன்ன பதிலை, வீடு திரும்பியதும் பெரியம்மணியிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "தண்ணி டின்னை எதுக்கு எறக்கச் சொன்னாருன்னு நீ நினைச்சே, சாமி? வண்டிக்குன்னு கேட்டாவது அந்த ஊட்டுத் தண்ணியைத் தொடலாம்னுதான்." எனக்குக் காது சுட்டது. வீம்பு பிடித்த மனிதர் அவராக இறங்கமாட்டார். வண்டி நின்றால்தான் அவரும் நிற்க முடியும். அதை நானல்லவா ஓட ஓட விரட்டிவிட்டேன். அடுத்த பௌர்ணமிக்குப் புறப்பட்டபோது, சங்ககிரி தாண்டி, கரி கிளறுகிற சாக்கில் இறங்கி, ரேடியேட்டருக்கு அடியில் இருந்த குழாயை லேசாகத் திறந்துவிட்டேன். ரோட்டில் மஞ்சள் கோடு விழுந்துகொண்டே வந்தது. குமாரபாளையத்தில் குபுகுபுவென்று ஆவி கிளம்ப, வண்டி விக்கி, இழுத்து, செங்கோடன் வீட்டு வாசலில் போய் நின்றது. ஒரு வீடு தள்ளிவிட்டது. இறங்கிப் போய் முதல் காரியமாக ரேடியேட்டர் குழாயை மூடினேன்.

உடனே செங்கோடன் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார், நல்ல மனிதர். எஜமான் குடத்துக்குள் பார்த்தார். "உங்கூட்டுத் தண்ணி உப்பு, செங்கோடா. ரேடியேட்டருக்கு ஆகாது." அந்தத் தெருவுக்கே ஒரே கிணறு. செங்கோடன் என்னைப் பார்த்தார், அடுத்த வீட்டைப் பார்த்தார், குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாவாத்தா அம்மணி ஒரு குடமும் ஒரு செம்புமாக வந்தது. "இப்ப ஊத்தக்கூடாதுங்க அம்மணி, சூடு அடங்கோணும்" என்றேன். அம்மணி குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றது. எஜமான் ஜமக்காளத்தின் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஆவி இரண்டு பேருக்கும் நடுவே எழும்பி, மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. நான் தலையாட்டினேன். குடத்துத் தண்ணீரை அம்மணியே ஊற்றியது. பிறகு செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின் கதவருகே போய், "வண்டிக்குத் தாகம் தீந்துதுங்களா அப்பா?" என்று கேட்டது. எஜமான் பேசும் குழாயை எடுத்தார், அது தேவையில்லை என்று அப்போதுதான் புரிந்தவர் மாதிரி மாட்டிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார். "வண்டிக்குத் தீந்துது, சாமி. எனக்குத்தான் தீரலை."

அதற்கப்புறம் அந்த வண்டி ஒரு நாளும் குமாரபாளையத்தை ஒழுங்காகத் தாண்டியதில்லை, இத்தனை ரிப்பேர் தெரிந்த நானும் அதை மட்டும் சரிசெய்யவில்லை.