வீட்டு மரத்து மாங்காய்

கற்பகத்துக்கு வெயில் காலம் பங்குனியில் தொடங்குவதில்லை. மாசி பிறந்ததும், உடம்புக்குச் சூடு என்று கொள்ளு டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிடுவாள். அன்றைக்கே வெயில் வந்துவிட்டது என்று வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகு முதல் மழை விழும்வரை கோழி கிடையாது, முட்டை கிடையாது, சந்தைக் காய் கிடையாது. வீட்டைச் சுற்றியிருக்கிற பதினைந்து சென்ட்டில் என்ன காய்க்கிறதோ அதுதான் சாப்பாடு.

எந்த நாளைக்கு என்ன என்று பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுவாள். திங்களுக்கு மாங்காய் போட்ட பாசிப்பருப்பு. செவ்வாய்க்கு அரசாணிக்காய்ப் பொரியலும் மோர்க்குழம்பும். புதனுக்குக் காலையில் கம்பங்கூழ், தொட்டுக்கொள்ள உப்பு மாங்காய், மதியம் முருங்கைக்கீரை. இப்படியே போகும். அவள் கணவர் சின்னமுத்து அந்தத் தாளைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல டைம் டேபிள் ஒட்டுன மாதிரி இருக்குது" என்று வருடா வருடம் ஒரே கிண்டலைச் செய்வார். வருடா வருடம் அவளும் சிரிப்பாள். இருபத்தேழு வருடம் ஒரே கிண்டலுக்குச் சிரிக்கிறவளை ஏமாற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று அவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அவள் பிறந்தது பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில். காய்கறி போடுகிற குடும்பம். காயைக் காசு கொடுத்து வாங்குவதே கேவலம் என்று நினைக்கிற அப்பா. முதலமடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது திரும்பின பக்கமெல்லாம் மாந்தோப்பு. சீசனில் லாரி லாரியாக மாங்காய் போகும், ஆனால் ஒரு காயை நம்பிக் கடிக்க முடியாது. பூ வைத்தால் மருந்து, பிஞ்சு பிடித்தால் மருந்து. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆட்கள் தோப்புக்குள் போவதைப் பார்த்த முதல் வருடமே கற்பகம் மாமியாரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். தோப்பு முழுவதையும் குத்தகைக்கு விடட்டும். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் நாட்டு மாமரம் மட்டும் வீட்டுக்கு. அந்த மரத்துக்கு யாரும் ஒரு சொட்டு மருந்து அடிக்கக் கூடாது. குத்தகை பேச வருகிறவர்களிடம் முதலில் சொல்கிற வார்த்தையே அதுதான். அவளுடைய கோடைச் சமையலில் பாதி அந்த மரத்தை நம்பித்தான் இருந்தது.

இந்த வருடம் அந்த மரம் இன்னும் முக்கியமாகிவிட்டது. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் மோனிஷா கர்ப்பமாக இருந்தாள். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, இரண்டு தடவை கலைந்த பிறகு நின்ற கர்ப்பம். தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. மார்கழிக் கடைசியில் கற்பகம் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் தை முழுக்க அங்கேயே இருந்தாள். கடைச் சாப்பாடு, பாக்கெட் மாவு, பிரிட்ஜில் வைத்த காய் என்று அவர்கள் வாழ்கிற வாழ்க்கையைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டுக்கு வா, எதிலும் மருந்து படாத சோறு போடுகிறேன் என்று சொல்லி மாசியில் மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பிள்ளை தங்கவேண்டும். அவளுக்கு அந்த ஒரு நினைப்புதான்.

வந்து செருப்பைக் கழற்றுமுன் கணவரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம ஊட்டு மரத்துக்கு ஒண்ணும் அடிக்கலீங்களே?"

"அதெல்லாம் இல்லே. நீ மொதல்ல தண்ணி குடி" என்றார் சின்னமுத்து.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் குளித்துவிட்டு, புதுத் தாள் எடுத்து, மகளுக்காக யோசித்து யோசித்து எழுதினாள். புளிப்பாக ஏதாவது இருந்தால்தான் மோனிஷாவுக்குச் சோறு இறங்கும் என்பதால் எந்த நாளும் மாங்காய் இல்லாமல் இல்லை. பச்சடி, பருப்பு, தொக்கு, மோரில் அரைத்துவிட்டது. மோனிஷாவுக்கு அடுப்படி வாசம் ஆகாது; தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து வேப்பமர நிழலில் கட்டில் மேல் உட்கார்ந்து சாப்பிடுவாள். தட்டு காலியாகத் திரும்பி வரும்போது கற்பகத்துக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சின்னமுத்துதான் இந்த வருடம் மாங்காயைத் தொடவில்லை. பல் கூசுகிறது என்றார். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார், கூசட்டும் என்று அவருக்கு மட்டும் தனியாகச் சுரைக்காய் வதக்கிப் போட்டாள். சட்டியில் மிஞ்சியதை எல்லாம் வழித்து அவளே சாப்பிட்டாள். அவளுக்கு எதையும் கொட்டிப் பழக்கமில்லை.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் ஷஹீர் என்கிற பையன். பாலக்காட்டில் அப்பாவுக்கு மண்டி இருந்தது. இவன் தோப்புகளைப் பார்த்துக்கொண்டான். முப்பது வயதிருக்கும், மரியாதை தெரிந்தவன். காய் பறிக்கிற நாளெல்லாம் வந்து வெயிலில் நிற்பான். ஆனால் பறிப்பு நடந்ததெல்லாம் நோன்பு மாதத்தில். தண்ணீர்கூடத் தொடாத ஆளுக்கு எதை நீட்டுவது? வீட்டு வாசலில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லையே என்று கற்பகத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெருநாள் முடிந்து மறு வாரம் அவன் வந்தபோது, விடக்கூடாது என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு தட்டில் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, கூடவே ஒரு சொம்பு மோரும் வைத்தாள்.

ஷஹீர் மோரைக் குடித்தான். ஒரு துண்டு மாங்காயைக் கையில் எடுத்தவன், "இது எந்த மரத்துது, அக்கா?" என்று கேட்டான்.

"நம்ம ஊட்டு மரந்தான், தம்பி. மருந்து படாதது, தைரியமாச் சாப்பிடுங்க."

அவன் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். 

"அக்கா, அதுக்கும் மூணு தடவை அடிச்சிருக்கோமே. தை மாசத்துல. அண்ணன் சொல்லலீங்களா?"

கற்பகம் அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் விளையாடவில்லை. பக்கத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் அடிக்காமல் விட்டால் பூச்சியெல்லாம் அங்கே போய் ஒதுங்கி மறுபடி தோப்புக்குள் வருகிறது, போன வருடம் பாதிப் பூ அப்படித்தான் போயிற்று, அதனால் இந்த வருடம் எல்லா மரத்தையும் சேர்த்துத்தான் எடுப்பேன் என்று ஆவணியிலேயே சொல்லிவிட்டானாம். அண்ணன் சரி என்றாராம்.

"கறிக்குக்கூட இந்த வருசம் அந்தக் காயை எடுக்காதீங்கன்னு அண்ணங்கிட்ட ரெண்டு மூணு வாட்டி சொன்னேங்க்கா. சத்தியமாச் சொன்னேன்."

"நீங்க சொல்லியிருப்பீங்க, தம்பி" என்றாள் கற்பகம்.

ஆவணியில் சம்மதித்திருக்கிறார். அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அடிக்கவும் விட்டிருக்கிறார். வாசலில் நின்று அவள் கேட்டபோது முகத்தைப் பார்த்து இல்லை என்றிருக்கிறார். பல் கூசவில்லை அவருக்கு. தன் வாயைக் காப்பாற்றிக்கொண்டு, பெற்ற மகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்த மனுஷனோடா இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு மேல் அவரைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமில்லை. மகள் வயிற்றுக்குள் நாற்பது நாளாகத் தன் கையாலேயே அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள்.

பின்பக்கம் ஓடினாள். மோனிஷா கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பகம் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.  மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, ஷஹீர் சொன்னது அத்தனையும் ஒப்பித்தாள். இப்போதே கிளம்பு, கார் வரச் சொல்கிறேன், டாக்டரிடம் போய்விடலாம் என்றாள்.

மோனிஷா போனைக் கீழே வைத்தாள்.

"அழுவாதம்மா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மருந்து அடிச்சது. வந்த மறுநாளே அப்பா சொல்லிட்டாங்க. நான் ஒரு துண்டுகூடத் திங்கலே. எல்லாத்தையும் அந்த வாழைக்குழியில போட்டு மண்ணைத் தள்ளிருவேன்."

கற்பகம் மகளின் வயிற்றில் கையை வைத்தாள். முதலில் வந்தது நிம்மதிதான், அதில் பொய்யில்லை. கடவுளே, கடவுளே என்று நாலைந்து தடவை சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில் வேப்பிலை வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. வாழைக்குழியைப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு மற்றது புரிந்தது.

"நாந்தானே எல்லாத்தையும் வழிச்சு வழிச்சுத் தின்னேன். ஏங் கண்ணு, எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலே?"

"அப்பாதான் வேண்டாம்னாங்க. உனக்குத் தெரிஞ்சா ஊடே ரெண்டாப் போயிரும்னாங்க. எனக்கும் இந்த நேரத்துல சண்டை சத்தமெல்லாம் கேக்க முடியாதும்மா."

"அப்ப நான் திங்கறது?"

மோனிஷா அம்மாவின் தோளில் கை போட்டாள். பாசமாகத்தான் சொன்னாள்.

"இந்த வயசுல உனக்கு என்னம்மா ஆகப்போகுது."

கற்பகம் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் அது தோளிலேயே கிடந்தது. பிறகு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனாள்.

ஒரு மணிக்குச் சின்னமுத்து வந்தார். வழியிலேயே ஷஹீரைப் பார்த்திருப்பார். கால் கழுவுவதற்கே வழக்கத்தைவிட நேரமெடுத்தது. உட்கார்ந்ததும் தானாகவே ஆரம்பித்தார். அவன் தோப்பையே வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, புள்ளையிடம் சொல்லிவிட்டேனே, அவள் ஒன்றும் சாப்பிடவில்லையே, இப்போது யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று தரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார். கற்பகத்திடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.  வீடு இரண்டாகும் என்று பயந்தவருக்கு அவள் சத்தம் போடாதது இன்னும் பயமாக இருந்திருக்க வேண்டும்.

சோறு போட்டாள். சுரைக்காயும் பாசிப்பருப்பும் சேர்த்த கூட்டு, அதன் மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். வேறு ஒன்றுமில்லை. என்றும் பரிமாறிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறவள், இன்றைக்கு அவருக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் கையையே பார்க்க ஆரம்பித்தாள். முதல் கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"எதுக்குப் புள்ளே இப்படிப் பாத்துட்டே இருக்கறே? நீ சாப்பிடலியா?"

"நீங்க சாப்பிடுங்க."

அவர் கூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விரலால் ஒரு சுரைக்காய்த் துண்டைப் புரட்டினார். இருபத்தேழு வருடத்தில் அவள் வைத்த தட்டின் முன்னால் அவர் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இதுல என்ன போட்டிருக்கறே?"

"சொல்ல மாட்டேனுங்க" என்றாள் கற்பகம்.