காணாமல் போன வெள்ளிச் சக்கரம்

பழைய திருவிதாங்கூர் காசுகள் சேர்ப்பது என் பழக்கம். நாகர்கோவிலில் ஏதாவது கல்யாண மண்டபத்தில் சின்னதாக நாணயக் கண்காட்சி நடந்தால் தவறாமல் போய்விடுவேன். அங்கே வரும் பெண் பெரும்பாலும் நான் ஒருத்திதான்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு கண்காட்சியில், பல வருடமாகப் பழகிய வியாபாரி அண்ணாச்சி, சக்கரம் என்கிற வெள்ளிக் காசு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது அது. பார்த்துவிட்டு அவருடைய மேசை விரிப்பிலேயே வைத்தேன். கரண்ட் போய் மண்டபம் புழுங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் காசைக் காணவில்லை.

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றோம். அண்ணாச்சி என்னை மட்டும் பார்த்தார்.

“ஒண்ணும் நெனைக்காத மக்கா, ஒன் பேக்க ஒண்ணு பாக்கட்டா?”

சீப்பு, மாத்திரை, சாப்பாட்டு டப்பா என்று ஒவ்வொன்றாக அத்தனை பேர் முன்னால் எடுத்து வைத்தேன். டப்பாவையும் திறந்து காட்டியபோது பக்கத்தில் நின்றவர், “அண்ணாச்சி, ஒம்ம கையப் பாரும்” என்றார். வியர்த்திருந்த அண்ணாச்சியின் முழங்கைக்குக் கீழே காசு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

இப்போதும் கண்காட்சிக்குப் போகிறேன். பை கொண்டுபோவதில்லை. போன மாதம் அண்ணாச்சி வேறொரு சக்கரத்தை நீட்டி, “பிடி மக்கா, நல்லா பாரு” என்றார்.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “மேசையில வையுங்கோ அண்ணாச்சி” என்றேன்.