சன்னல் வழியே போட்ட பை

கோமதியம்மாளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ஜாதிதான். உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் ஒன்று, நின்று வேலை செய்கிறவர்கள் மற்றொன்று. அவள் இரண்டாவதில் பிறந்து, இரண்டாவதிலேயே வாழ்க்கைப்பட்டாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தது ஐம்பத்தொன்பதில். புருஷன் லிங்கம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினான். எழுபத்துமூன்றில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தான். வலியசாலைத் தெருக்களுக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவளும் மகள் பூமாரியும் மிச்சமானார்கள்.

அந்த வருஷமே கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். மத்தியானம் நூற்றைம்பது பேருக்குச் சோறு, சாயங்காலம் அத்தனை பேருக்கும் தோசை. தோசைக்கல்லுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன என்று ஹாஸ்டல் வார்டன் ஒருமுறை கேட்டார். அவர் வாழ்நாளில் தோசை சுட்டதில்லை. கோமதியம்மாளுக்குக் கணுக்காலுக்கு மேலே நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, நிற்பதைக் குறைக்கவேண்டும் என்றார். அவள் சிரித்துவிட்டு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆக, ஒரு நாளில் அவள் உட்காருவதற்கென்று இருந்தது பஸ் மட்டும்தான். கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டத்துக்கு ஒரு மணி நேரம். காலையில் சீட்டுக் கிடைத்தால் அன்றைய நாளைத் தள்ளிவிடலாம். கிடைக்காவிட்டால் சோறு வடிக்கும்போதே கால் இரண்டும் தனித்தனியாக அழும்.

சீட்டுப் பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. பஸ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே அதன் கூடவே ஓடி, சன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிடவேண்டும். அப்புறம் நிதானமாக ஏறினால் போதும், பை கிடக்கிற சீட்டில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். சர்க்கார் போட்ட சட்டங்களைக் கடைத்தெருவில் காறித் துப்புகிறவர்கள்கூட இதற்குக் கட்டுப்பட்டார்கள். ஆறு வருஷத்தில் கோமதியம்மாளுக்குக் கை அப்படித் தேர்ந்துவிட்டது. நகர்கிற பஸ்ஸில் மூன்றாவது சன்னலென்றால் மூன்றாவது சன்னல்தான்.

பூமாரியை மட்டும் எப்படியாவது முதல் ஜாதிக்கு மாற்றிவிடவேண்டும் என்பது அவளுடைய ஒரே வைராக்கியம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸான கையோடு டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை படிக்கவைத்தாள். எழுபத்தொன்பது ஜூலையில் கழக்கூட்டத்தைத் தாண்டி இருந்த கூரை ஓட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்குக் காகிதம் வந்தது. ஒரே ஒரு வேலை. காலை பத்து மணிக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் சர்ட்டிபிகேட்டும் அசலாகக் கொண்டுவரவேண்டும்.

"உக்காந்து செய்யுத வேலைதானே?" என்று நாலைந்து தடவை கேட்டாள் கோமதியம்மாள்.

"உருளுற நாற்காலியாக்கும் அம்மா. இருந்நால் போதும்," என்றாள் பூமாரி. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்த பெண், பேச்சு அப்படித்தான் இரண்டுங்கெட்டானாக வரும்.

அன்றைக்குக் காலை எட்டேகாலுக்கே இரண்டு பேரும் கிழக்கேகோட்டைக்கு வந்துவிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. காகிதமெல்லாம் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரெக்ஸின் பைக்குள் இருந்தது. காற்றில் கலைந்த முடியைச் சரிசெய்வதற்காகப் பூமாரி பையை அம்மாவிடம் கொடுத்தாள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, "பிடி, ஒரு நிமிஷம்" என்றாள். அந்த நிமிஷத்தில் கழக்கூட்டம் பஸ் வளைந்து திரும்பியது.

கோமதியம்மாள் யோசிக்கவே இல்லை. யோசித்துச் செய்கிற காரியமா அது? கால் ஓடிற்று, கை வீசிற்று, மூன்றாவது சன்னல் வழியாகப் பை போய்ச் சீட்டில் விழுந்தது.

அப்புறம்தான் வாசலில் கூட்டம் அடைத்தது. இடித்துப் பிடித்துப் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் பூமாரி நான்கு ஆள் பின்னால் நசுங்கிக்கொண்டு நிற்கிறாள். கண்டக்டர் இரட்டை மணி அடித்துவிட்டார். பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போவதா என்று கோமதியம்மாள் படியிலிருந்து இறங்கினாள். பஸ் போய்விட்டது.

"எதுக்கு இறங்கினே?" பூமாரியின் குரல் உடைந்துவிட்டது. "நீயாவது ஏறிப் போயிருக்கலாம் அல்லே? என்னோட எல்லாம் அதில உண்டு. இனி எந்து செய்யும்?"

அந்தப் பஸ்ஸில் தான் மட்டும் போயிருந்தாலே போதும் என்பது அப்போதுதான் கோமதியம்மாளுக்கு உறைத்தது. போட்டதும் தப்பு, இறங்கியதும் தப்பு.

அடுத்த பஸ் வர இருபத்தைந்து நிமிஷமாயிற்று. அதில் நிற்கத்தான் இடம். கோமதியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வலிக்கிறது என்று நினைக்கவே அன்றைக்கு வெட்கமாக இருந்தது. பூமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாதி வழியில் புதுப்பாலம். பாலத்துக்கு முன்னால் டோல்கேட். பஸ்ஸுக்கு டோல் கிடையாது, ஆனால் லாரிக்கும் காருக்கும் பின்னால் அதே வரிசையில் காத்துக் கிடக்கவேண்டும். பணம் வாங்கி ரசீது கிழித்துக் கொடுக்கிற ஒரே ஆளுக்கு ஒன்பது மணிக்குத்தான் தேநீர் நினைவு வரும். அன்று மழையும் சேர்ந்துகொண்டு வண்டிகள் தேங்கி நின்றன. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் கோமதியம்மாள் டோல்கேட்காரனின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் ஏசுவாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனைக் கும்பிடத் தோன்றிற்று. வரிசையின் முன்னால், ஏழெட்டு வண்டிகளுக்கு அப்பால், முதல் பஸ் நின்றுகொண்டிருந்தது.

"அன்னா நிக்குது! ஓடு பிள்ள!"

பூமாரி மழையில் குதித்து இறங்கி, லாரிகளின் ஓரமாகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கோமதியம்மாள் சன்னல் பக்கம் குனிந்து பார்த்தாள். பெண் கிட்டத்தட்டப் போய்விட்டாள். பத்தடி இருக்கும். அப்போது டோல்கேட்டின் குறுக்குக் கட்டை மேலே எழும்பியது. பஸ் புகையைக் கக்கிவிட்டுப் பாலத்தில் ஏறிற்று. பூமாரி அங்கேயே நின்றாள். பிறகு முழுக்க நனைந்து, காலெல்லாம் சேறாகத் திரும்பி நடந்து வந்தாள். கோமதியம்மாள் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சீட்டுக்காக, தன் காலுக்காக, பெண்ணின் வாழ்க்கையை வீசி எறிந்துவிட்டோமே என்று தோன்றியது.

கழக்கூட்டம் வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். முதல் பஸ் திரும்பிப் போவதற்காக ஓரமாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் விழுந்தடித்து ஏறினார்கள்.

மூன்றாவது சன்னலோரத்துச் சீட்டில், வீசின இடத்தில், வீசினபடியே பை கிடந்தது.

கண்டக்டர் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "சேச்சியோட பேக்கா?" என்றார். "ஆளு வரும், ஆளு வரும்னு எல்லாரும் பறஞ்ஞு. அத்தனை திரக்கில நின்னாங்க, ஒராளும் அதில இருந்நில்ல."

அவ்வளவு கூட்டத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல், அவளுடைய சீட்டு அவளுக்காகக் காலியாகவே வந்திருக்கிறது. அதை நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் நேரமில்லை.

ஓட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்து பதினைந்து நிமிஷ நடை. வாசலில் இருந்த பியூன், நேசமணி என்று பெயர், நெய்யாற்றின்கரைக்காரன், முடியாது என்று தலையாட்டிவிட்டான். "லிஸ்ட்டு எடுத்து உள்ள கொடுத்தாச்சு. பத்து மணிக்குள்ள பேர் கொடுத்தவங்களை மட்டுந்தான் விளிக்கும்."

பூமாரி தலையைக் குனிந்துகொண்டாள். கோமதியம்மாள் முன்னால் வந்தாள். "பிள்ளை மேல தப்பு இல்ல சாரே. நான்தான் பழக்கதோஷத்துல சீட்டுப் பிடிக்கப் பையைச் சன்னல் வழியாப் போட்டேன். பஸ்ஸு போயிட்டு. சர்ட்டிபிகேட்டு எல்லாம் அதுக்குள்ள. நான் பண்ணுன கூத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்காதிய."

நேசமணி அவளை மேலும் கீழும் பார்த்தான். "எந்தப் பஸ்ஸு?"

"எட்டே இருபது. கிழக்கேகோட்டையிலருந்து."

அவனும் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவன். அன்று காலையில்கூட அவனுடைய கைக்குட்டையை ஏதோ ஒரு சன்னல் வழியாகப் போட்டிருப்பான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் பூமாரியின் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வந்து, "கடைசியில விளிக்கும். ஓரமா இரிங்க," என்றான்.

இருப்பதற்கு இருந்தது ஒரு பெஞ்சு. அதில் மற்றப் பெண்களும் அவர்களுடைய அப்பன்மாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கோமதியம்மாள் தூணில் சாய்ந்து நின்றாள். பதினொன்று, பன்னிரண்டு. ஹாஸ்டலில் இந்நேரம் சோறு வடித்திருப்பார்கள், நாளைக்கு வார்டன் வாயில் விழவேண்டும். ஒரு மணிக்குப் பூமாரியைக் கூப்பிட்டார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்த ஆபீசர் நாற்காலியைக் காட்டி, "இரிக்கூ" என்றார். பூமாரி, ஈரச் சேலையோடு, நாற்காலி நனைந்துவிடுமோ என்று தயங்கினாள். பிறகு உட்கார்ந்தாள். கோமதியம்மாள் அதை மட்டும் பார்த்துவிட்டுத் தூணுக்குத் திரும்பினாள்.

அரைமணி கழித்து வந்த பூமாரி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று கோமதியம்மாள் நினைத்தாள். நேசமணிதான் பின்னாலிருந்து, "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி ஜாயின் செய்யணும், கேட்டோ," என்றான்.

திரும்பும் பஸ்ஸிலும் கூட்டந்தான். பஸ் வந்தபோது கோமதியம்மாள் பையை எறியவில்லை. இரண்டு கையாலும் மார்போடு கட்டிக்கொண்டு ஏறினாள். டோல்கேட் தாண்டி இரண்டு ஸ்டாப் போனதும் பக்கத்தில் ஒரு சீட்டுக் காலியாயிற்று.

பூமாரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ இரி அம்மா."

"நீ இரு பிள்ள. இனிமே நீதான் இருந்து பழகணும்."

"காலைப் பாரு, வீங்கிப்போச்சு. இரின்னா இரி!"

"ஏட்டி, சொன்னாக் கேளு."

இவர்கள் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில், கையில் சிமெண்ட் படிந்த ஒரு கொத்தனார் நடுவில் புகுந்து உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். பூமாரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவனைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினாள்.

கோமதியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு. அவனும் காலையிலருந்து நின்னவன்தான்."

கிழக்கேகோட்டைக்கு இன்னும் அரைமணி இருந்தது. இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.