ஐஸ் பெட்டிக்குள் என் பாட்டில்

சில வருடங்களுக்கு முன், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்தில் நடந்தது இது. அப்போது நான் கடல் உயிரியல் ஆய்வு மாணவி. என் மடியில் ஒரு பிளாஸ்க், அதற்குள் சுடுதண்ணீர், அதில் மூழ்கி ஒரு சின்ன பாட்டில்.

ஆழமில்லாத கடலடியில்கூடச் சில இடங்களில் பூமிக்குள்ளிருந்து கொதிநீர் பீறிட்டு வரும். கை வைத்தால் வெந்துவிடும் அந்தச் சூட்டில் சொகுசாக வாழும் நுண்ணுயிர்கள்தான் பாட்டிலில் இருந்தன. வெளிநாட்டுக் கடலிலிருந்து வந்தவை. புதுச்சேரிக்கு வந்த ஓர் ஆய்வாளர் கொடுத்தார். சூடு ஆறாமல் சிதம்பரத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் என் பேராசிரியர். அது போனால் வேறு கிடையாது, என் ஆய்வும் அதோடு சரி.

பக்கத்தில் மீன்கார அக்கா ஒருவர், காலடியில் தெர்மாகோல் பெட்டியோடு. பேச்சுவாக்கில், "கடல்ல இருந்து வந்த உசுரு அக்கா, என் படிப்பே இதுலதான் இருக்கு" என்று பெருமையடித்துவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, புத்திசாலி!

சிதம்பரம் நெருங்கும்போது விழித்தால் பிளாஸ்க்கில் பாட்டிலைக் காணோம்.

"சுடுதண்ணியில கெடந்துச்சு கண்ணு. வெந்து செத்துடாதா? நான்தான் எடுத்து ஐஸ்ல வெச்சேன்" என்றார் அக்கா, அவ்வளவு சந்தோஷமாக. கடல் பொருள் என்றால் ஐஸில் வைக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அதுதான். நான் பேருந்து என்றும் பாராமல் கத்தினேன், அழுதேன். அவர் முகம் செத்துப்போயிற்று. வியாபாரத்துக்குப் போகாமல், "வா, உங்க வாத்தியார்கிட்ட நானும் வந்து சொல்றேன்" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஆட்டோவில்தான் கவனித்தேன். அவர் மடியில், செய்தித்தாளில் சுற்றிய பெரிய வஞ்சிரம். என் பாட்டிலுக்கு இடம் பண்ணுவதற்காக அதை வெளியே எடுத்திருக்கிறார். வெயிலில் அது கெட்டே போய்விட்டது. அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

பேராசிரியர் திட்டவில்லை. குளிரில் இவை வளராது, ஆனால் தூங்கிக் கிடக்கலாம், எழுப்பிப் பார்ப்போம் என்று ஆய்வகச் சூட்டுப்பெட்டியில் வைத்தார். அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்வார். "எழுந்துச்சா?" என்பார். இல்லை என்றால் போனை வைத்துவிடுவார்.

ஒருநாள் காலை, பாட்டிலில் தெளிந்திருந்த நீர் கலங்கியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன், கூட்டம் கூட்டமாக உயிர். அம்மாவுக்கு முன்னால் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். "பொழச்சிக்கிச்சா? மாதாவே" என்று அழுதார். நானும்தான்.

இன்றும் பேருந்தில் பார்த்தால், "உன் புள்ளைங்க சுடுதண்ணியில நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்பார். நல்லது செய்யப்போய் யாராவது என் காரியத்தைக் கெடுத்துவிட்டால், கத்துவதற்கு முன் இப்போதெல்லாம் அவர் மடியில் கிடந்த அந்த வஞ்சிரம்தான் என் கண்ணில் நிற்கிறது.