மூன்றாவது மகளுக்கு ஒரு மரத்தின் பெயர்

என் பெயர் ‘போதும்’ என்று தொடங்கி ‘பொண்ணு’ என்று முடியும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் நான் நாலாவது பெண். இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக வைத்த பெயர். சாமிக்குச் சொல்ல வேண்டியதை ஏன் என் தலையில் எழுதினார்கள் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். எனக்குப் பிறகு தம்பி பிறந்தான். அம்மா பத்து மாதம் சுமந்ததை விட்டுவிட்டு, என் பெயர்தான் அவனைக் கொண்டுவந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் யார் வந்தாலும் வருகைப்பதிவில் என் பெயர் வரும்போது கொஞ்சம் நிற்பார். சிரிப்பார். “எத்தனாவது பொண்ணும்மா நீ?” என்று கேட்பார். ஒரே கேள்வியில் என் வீட்டுக் கதை வகுப்புக்கே தெரிந்துவிடும். மத்தியானம் சத்துணவு வரிசையில் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் தட்டை நீட்டுகிறவர்கள், “அவளுக்குத்தான் போதுமாச்சே” என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். கணவருக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. மூத்தவள் இரண்டாம் வகுப்பு, அடுத்தவள் யு.கே.ஜி. நான் வெள்ளைக்காரக் குழந்தைகள் வரும் ஒரு நர்சரியில் வேலை பார்த்தேன். அசிஸ்டெண்ட் என்று அட்டை கொடுத்திருந்தார்கள். செய்ததெல்லாம் ஆயா வேலைதான். மூக்குத் துடைப்பது, பால் புட்டி கழுவுவது, குழந்தைகள் பை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே பெயர்ச் சீட்டு ஒட்டுவது.

அங்கே ஒரு டீச்சர். ஐம்பது வயதிருக்கும், இங்கிலாந்துக்காரி. சேர்ந்த முதல் நாளே என் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார். ஒரு பூ என்று சொல்லிவிட்டேன். என்ன நிறம் என்றார். மஞ்சள் என்றேன். இரண்டு வருடம் அவருக்கு நான் மஞ்சள் பூவாகவே இருந்தேன். அவர் ஊருக்குப் போய் வந்தபோது மஞ்சள் பூ போட்ட ஒரு கைக்குட்டைகூட வாங்கி வந்து கொடுத்தார்.

மூன்றாவதாக நான் முழுகாமல் இருந்தேன். ஏழாம் மாதம், லீவு முடிந்து ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் மாமியார் கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் அப்போதெல்லாம் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். சமையலறையில் டேப் ரெக்கார்டரை வைத்து நானும் கணவரும் கேட்டோம். மழை பெய்தது, பசு கன்று போட்டது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் சரியில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“ஏய்யா, இந்தத் தடவ ஆம்பளப் புள்ளதான். ஒருவேள பொட்டப் புள்ளயாப் போச்சுன்னா, ஓம் பொண்டாட்டி பேரையே வச்சுரு. ராசியான பேருய்யா. அவளுக்குப் பின்னாடி ஆம்பளப் புள்ள பொறந்துச்சுல்ல? அதே மாதிரி ஒனக்கும் அடுத்தது பொறக்கும்.”

கணவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, அம்மா பேச்சைக் கேட்டால் எப்போதும் வரும் சிரிப்பு. நான் கேசட்டை நிறுத்தினேன். என் வயிற்றில் இருந்ததன் முகத்தை இன்னும் யாரும் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் அதை வேண்டாம் என்று கூப்பிடப் பெயர் தயார். பெண்ணாகப் பிறந்தால் அந்தப் பெயர் மட்டும் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உலகத்தில் வேறு எந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் நர்சரியில் குழந்தைகள் தூங்கிய பிறகு, காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். என் பெயர் பூ இல்லை, போதும் என்று பொருள், இப்போது அதை என் குழந்தைக்கும் வைக்கச் சொல்கிறார்கள். அவர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு, “இரண்டு வருடமாக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. பாவம் பார்க்கிறவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள்.

கோபம் தணிந்ததும் தன் கதையைச் சொன்னார். தான் இங்கிலாந்துக்காரி இல்லையாம், கார்ன்வால்காரியாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூலை. தகரச் சுரங்கம் மூடிப்போனதும் ஆண்கள் கப்பலேறி எந்தெந்த நாட்டுக்கோ சுரங்க வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பினார்களாம். எங்கள் ஊரைப் பற்றி யாரோ சொல்வது போல இருந்தது. அவர்களுக்கென்று ஒரு பழைய மொழி உண்டு. பேச்சிலிருந்து ஒழிந்தே போய், மறுபடி கொஞ்சம் பேர் பிடிவாதமாகக் கற்றுப் பேசுகிறார்கள். அதைப் பேசுகிறவர்கள் எல்லோரும் வந்தாலும் ஒரு கல்யாண மண்டபம் நிறையாது என்றார். ஆனால் அந்த மொழியின் பெயர்களைப் பெண் குழந்தைகளுக்கு இன்னும் வைக்கிறார்கள். கடல், பூ, மரம் என்று.

ஒரு தாளில் ஏழெட்டுப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொருளையும் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொல்லிக் காட்டினார். எல்லாம் நாக்கில் மெத்தென்று உட்கார்ந்தன. ஒரு பெயரில் நான் நின்றுவிட்டேன். எல்ம் என்ற மரத்தைக் குறிக்கும் பெயர். நோய் வந்து அவர்கள் நாட்டில் லட்சக்கணக்கில் பட்டுப்போன மரம். ஆனால் மேலே செத்தாலும் வேரிலிருந்து மறுபடி மறுபடி கிளம்பும் என்றார். அது போதாதா எனக்கு?

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் வளர்ந்த பெண், கேட்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொள்வாள்.

கணவர் தாளை வாங்கிப் படித்தார். கடலைக் குறிக்கும் ‘மோர்வென்னா’வில் நின்று, “மோருங்கிறான், வெண்ணெய்ங்கிறான், பால்கடைக்கு வைக்கலாம்” என்றார். நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் சண்டை வந்தது.

“தமிழ்ல பூவுக்கும் மரத்துக்கும் பேரா இல்ல?”

“இருக்குங்க. எனக்கு வச்சதும் தமிழ்தான்.”

“வேற நல்ல பேரு வைப்போம். அம்மாட்ட நான் பேசிக்கிறேன்.”

“நல்ல பேரு வச்சா ஒங்க அம்மா விடுவாகளா? வீட்டுல கூப்புடுற பேருன்னு எம் பேரையும் கூட ஒட்டிருவாக. எனக்கு யாரும் கேட்டதும் சிரிக்க முடியாத பேரு வேணும். என்ன அர்த்தம்னு எம் மகள்ட்ட வந்து கேக்கணும். அவ சொன்னாத்தான் தெரியணும்.”

ஊருக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. நல்ல மனிதர், ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நிற்கும்போது தரையைப் பார்க்கிற மனிதர்.

பெண்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பெயர் வைக்காத குழந்தையின் கையில் தாயின் பெயரை எழுதிய பட்டை கட்டுவார்கள். மூன்று நாள் என் மகள் மணிக்கட்டில் என் பெயர் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டினேன்.

பிறப்புச் சான்றிதழ் வாங்க அரபியில் ஃபாரம் அடித்துக் கொடுக்க வேண்டும். வழக்கமாக அப்பா மட்டும் போனால் போதும். பன்னிரண்டாம் நாள், கணவர் டியூட்டியில் அனுமதி வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “அம்மா சொன்னதும் இருக்கு, நீ சொன்னதும் இருக்கு, போயிப் பாத்துக்கிறேன்” என்றார். நான் செருப்பை மாட்டினேன். பச்சை உடம்பு, வெயில், காற்று என்று என்னென்னவோ சொன்னார். குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் லிஃப்டில் நின்றேன்.

டைப்பிங் சென்டரில் இருந்தவர் நம்மவர், கீழக்கரைப் பக்கத்துக்காரர். எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி அப்பா பெயரை அடித்தார். அம்மா பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. எனக்குத் தெரிந்த நிறுத்தம்தான் அது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எத்தனாவது பொண்ணு தங்கச்சி நீங்க?”

“நாலாவது.”

“அதுக்கப்புறம் ஆம்பளப் புள்ள பொறந்துச்சா?”

“பொறந்துச்சு.”

“பாத்தியளா, பேரு வேல செஞ்சிருக்கு.”

அவர் கெட்டவரில்லை, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். ஆனால் என் கணவர் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஊர் விட்டு ஊர் வந்து, கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத ஒரு கடையில், ஒரு நிமிடத்துக்குள் என் வீட்டுக் கதை மேசை மேல் கிடந்தது. அவர் முகம் மாறியது.

“இன்னைக்கு இவரு” என்றேன் கணவரிடம். “நாளைக்கு இவளுக்கு ஸ்கூல்ல, ஆஸ்பத்திரியில, கல்யாணப் பத்திரிகையில. நான் இருக்க மாட்டேன் எல்லா எடத்துலயும்.”

டீச்சர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேசையில் வைத்து, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தேன். டைப் அடிக்கிறவர் குனிந்து பார்த்தார்.

“இது என்ன பேரு? கிறிஸ்தவப் பேரா?”

“மரத்தோட பேரு.”

“என்ன மரம்?”

“நீங்க பாக்காத மரம் பாய். நானும் பாத்ததில்ல. அடிங்க.”

அவர் கணவரைப் பார்த்தார். அப்பா சொன்னால்தான் அடிப்பேன் என்ற பார்வை. கணவர் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. “அவ சொன்னத அடிங்க பாய்” என்றார்.

அவளுக்கு ஒன்றரை வயதானபோது லீவில் ஊருக்குப் போனோம். இனிப் பிள்ளை வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தது மாமியாருக்குத் தெரியாது. பேத்தியை வாரி எடுத்து முத்தம் கொடுத்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். பெயரைத்தான் இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, வாயில் நுழையவில்லை என்று கைவிட்டார். மூன்றாம் நாள் காலை முற்றத்தில் அவள் ஒரு செருப்புக்குள் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் கையில் கடலை மிட்டாயோடு வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், என் பெயரை.

நான் திரும்பினேன்.

“ஒன்னய இல்ல, அவள” என்றார். “அடுத்தது ஆம்பளப் புள்ள வேணும்ல? இந்தப் பேரச் சொல்லித்தான் நான் கூப்புடுவேன்.”

மறுபடி கூப்பிட்டார், இன்னும் சத்தமாக. மகள் தலையைத் தூக்கவில்லை. மண் போடுவதில் கவனமாக இருந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள், அவளுக்கென்ன? முப்பது வருடப் பழக்கம், என் கழுத்து மட்டும் பாதி திரும்பி நின்றது.

மூன்றாவது முறை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.